நூல்வழி வந்த காதல்

பிறமொழிப் பண்பாட்டின்மீது காதல் கொள்பவன் தாய்மொழிக்கு இரண்டகம் செய்கிறான் என்பர் சிலர். பிரெஞ்சு இலக்கியத்தில் தோய்ந்து நிற்கும் தமிழ் மாணவனைக் கண்டால், 'தமிழில் இல்லாததா அங்கே இருக்கிறது?' என்று வினவுவர். தமிழ்ப்பற்றின் பெயரால் எழுப்பப்படும் இவ்வினா தமிழுக்கு வலிவு சேர்ப்பதன்று. தமிழைச் சுற்றிச் சுவர் எழுப்புவதேயாகும்.

1856ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த தோரு தத் என்னும் வங்க நங்கையின் வாழ்வே இவ்வினாவுக்குத் தக்க விடை. பிரான்சு நாட்டுப் பள்ளியில் அவர் பயின்றது சிறிது காலமே. ஆயினும் நூல்களின் வழியே அந்நாட்டைத் தம் நெஞ்சில் குடியேற்றிக் கொண்டார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876இல் வெளியிட்டார்; பிரெஞ்சு மொழியிலேயே ஒரு புதினமும் எழுதினார். அந்தக் காதல் அவரைத் தாய்நாட்டிலிருந்து பிரித்ததா? இல்லை. வடமொழி கற்று, சாவித்திரி, துருவன், பிரகலாதன் ஆகியோரின் கதைகளைப் பாட்டாக வடித்தார். 1877இல், இருபத்தோராம் அகவையில் மறைந்தார். அயல்மொழிக் காதல் வேரை அறுக்கும் என்போர் இதற்கு என்ன மறுமொழி கூறுவர்?

தமிழிலும் சான்று உண்டு. 'இந்தியா' இதழின் முகப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைப் பொறித்தவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் வாழ்ந்தபோது அம்மொழியையும் பயின்றார். அதனால் அவர் தமிழ் தேய்ந்ததா, வளர்ந்ததா என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர்.

எனினும், காதல் என்று சொல்லிக் கொள்வன எல்லாம் காதல் ஆகிவிடா. பாரிசு நகரின் நறுமணத் தைலத்தையும் ஆடை அலங்காரத்தையும் ஈபெல் கோபுரத்தின் படத்தையும் கண்டு மயங்குவது வெறும் கடைத்தெரு மயக்கம். நூலைக் கற்றவன் அங்கே நிற்பதில்லை. 1762இல் தூலூஸ் நகரில், குற்றமற்ற வணிகர் ழான் கலாஸ் கொடிய முறையில் கொல்லப்பட்டதையும், அவர் பழியைத் துடைக்க வால்டேர் தம் எழுதுகோலை வாளாக ஏந்தியதையும், 1765இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டதையும் அவன் அறிகிறான். 1898இல் படைத்தலைவர் திரைபசுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து எமிலி ஜோலா திறந்த மடல் தீட்டியதையும், அதற்காகத் தண்டிக்கப்பட்டு இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்ததையும் அறிகிறான். தன் நாட்டின் தவற்றைத் தன் மொழியிலேயே இடித்துரைக்கும் நெஞ்சுரமே அவனைக் கவர்கிறது.

அவன் காதல் குருட்டுக் காதலுமன்று. அடிமைகளை உடைமையாக நடத்தக் கறுப்புச் சட்டம் வகுத்ததும் அதே பிரான்சு, 1685இல். மார்த்தினிக் தீவில் பிறந்த எமே செசேர், 1950இல் குடியேற்ற ஆதிக்கத்தைச் சாடிய நூலைப் பிரெஞ்சிலேயே எழுதினார். கற்ற மொழியைக் கொண்டே அம்மொழிக்குரிய ஆட்சியைக் குற்றக் கூண்டில் நிறுத்தினார். அடிவருடிக்கு இது இயலுமா?

இன்னொரு குறையையும் சுட்டியாக வேண்டும். பிரெஞ்சு இலக்கியம் தமிழ் மாணவனை அடைவது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே. ஆங்கிலம் காட்டுவதே உலகம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றுகிறது. கமுவின் 'அந்நியன்' புதினத்தை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்குக் கொணர்ந்தார். அத்தகைய உழைப்பைப் போற்றாமல், 'தமிழில் எல்லாம் உண்டு' என்று மார்தட்டுவதால் ஆவதென்ன?

காதலுக்கு அளவுகோல் ஒன்றே: அது தமிழுக்கு எதைக் கொண்டுவந்தது? பிரெஞ்சு நூலைப் படிக்கும் மாணவனைத் தடுக்கும் ஆசிரியர், தமிழுக்கு வரவிருக்கும் ஒரு செல்வத்தைத் தடுக்கிறார். அவனைத் தட்டிக்கொடுத்து, 'படித்ததைத் தமிழில் எழுது' என்று பணிக்கும் ஆசிரியரே தமிழைக் காக்கிறார்.