முகத்தைப் படிக்கவும் பழக வேண்டும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. ஆயினும், எல்லா முகங்களையும் எல்லாராலும் ஒரே அளவில் படித்துவிட முடிவதில்லை.

மலாக்கா மாநிலத்தின் நியாலாஸ் போன்ற தோட்டப்புறங்களில் வளரும் பிள்ளைகள் பலர், ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றபின், முதலாம் படிவத்தில் பல்லின மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். புதிய நண்பனின் சொல் புரியாவிட்டால் கேட்டுத் தெளிகின்றனர். அவனது முகக்குறிப்பையோ புரிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். மனக்கசப்பு பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது.

உணர்ச்சிகள் மனிதருக்குப் பொதுவானவை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. உணர்ச்சியைக் காட்டும் முகக்குறிகள் பல்வேறு இனத்தவரிடமும் பெரிதும் ஒத்திருப்பதாக 1872இல் சார்லஸ் டார்வின் எழுதினார்.

எனினும், அவற்றைச் சரியாக அறிவதற்குப் பழக்கம் தேவை. உளவியலாளர்களான ஹிலரி எல்ஃபன்பைனும் இந்தியாவில் பிறந்த நளினி அம்பாடியும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, 2002இல் வெளியிட்டனர். மக்கள் பிற பண்பாட்டினரின் உணர்ச்சிகளையும் அறிகின்றனர். ஆனால், தம்மவரின் உணர்ச்சிகளையே கூடுதலாகச் சரியாக அறிகின்றனர். இரு தரப்பினருக்கும் தொடர்பு மிகுந்த இடங்களில் இவ்வேறுபாடு குறைகிறது.

வீட்டுச் சூழலும் இத்திறனை மாற்றும். அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் பிறர் முகத்தில் சினத்தை மற்றவர்களைவிட விரைவாகக் கண்டுகொள்வதாக அமெரிக்க ஆய்வாளர் சேத் போலாக் கண்டறிந்தார். எனவே, சட்டென அஞ்சி ஒதுங்கும் மாணவனைக் கோழை எனக் கேலி செய்வது தவறு. அவ்வாறே, பெரியவர் முன் தலைகுனிந்து நிற்பதைப் பல குடும்பங்கள் பணிவு எனக் கற்பிக்கின்றன. அதனைக் குற்ற உணர்ச்சி எனக் கொண்டால், தவறு செய்யாதவன் தண்டனை பெற நேரிடும்.

ஒரே வகுப்பில் இருந்தால் காலப்போக்கில் புரிதல் தானே வளரும் எனச் சிலர் கூறுவர். சிற்றுண்டிச்சாலையில் இனவாரியாக அமர்ந்து, பாடவேளையில் மட்டும் கூடியிருந்தால் அது எவ்வாறு வளரும்? குழுப்பணியிலும் புறப்பாட நடவடிக்கைகளிலும் மாணவர்களைக் கலந்து செயல்பட வைப்பது பள்ளியின் கடமை. முகக்குறிப்பில் ஐயம் எழுந்தால், “உனக்கு வருத்தமா?” எனக் கேட்டறிவது மாணவரின் கடமை. அந்த ஒரு கேள்வி, ஒரு நட்பையே காப்பாற்றக்கூடும்.