உணர்ந்தவருக்கே கடவுளா?

கடவுளை நேரில் உணர்ந்தவர்தான் உண்மையான பக்தர், உணராதவர் வெறும் சடங்குக்காரர் என்ற கருத்து தமிழ்நாட்டில் மேடைக்கு மேடை ஒலிக்கிறது. இப்போது அது கட்டணத் தியான முகாம்களின் சுவரொட்டிகளிலும் ஏறிவிட்டது: மூன்றே நாளில் இறை அனுபவம். ஆதாரமும் இரக்கமும் இல்லாத நம்பிக்கை இது.

இதை உடைக்க அன்னை தெரசாவின் வாழ்க்கை ஒன்றே போதும். 1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிடம் போகச் சொல்லும் இறை அழைப்பை அவர் உணர்ந்தார். கல்கத்தாவின் சேரிகளில் பணி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அந்த உணர்வு வற்றிவிட்டது. 1958இல் சில வாரங்கள் ஒளி திரும்பியது. மற்றபடி 1997இல் கண்மூடும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, அவருக்குள் இருந்தது வெறுமை. ஆன்ம வழிகாட்டிகளுக்கு அதை எழுதினார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவை 2007இல் நூலாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்கு விஷயம் பரவலாகத் தெரிந்தது. கடவுள் இருக்கும் சுவடே தெரியாத அந்த ஆண்டுகளில்தான் அவர் தினமும் ஜெபித்தார், சாகக் கிடந்தவர்களைத் தெருவிலிருந்து தூக்கிவந்தார். அனுபவம்தான் அளவுகோல் என்றால் தெரசா பக்தரே அல்ல. எந்த முகாமின் குரு இதை வாய்விட்டுச் சொல்வார்?

அனுபவம் வந்தவர்களுக்கும் அது கடவுளின் அடையாளச் சீட்டோடு வருவதில்லை. 1962இல், புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் வால்டர் பாங்கே என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். இறையியல் மாணவர்கள் 20 பேர் நிலவறையில் அமர்ந்திருந்தனர். மேலே நடந்த வழிபாடு ஒலிபெருக்கி வழியாக அவர்களுக்குக் கேட்டது. பாதிப் பேருக்குக் காளான் வகையிலிருந்து கிடைக்கும் சைலோசிபின் கொடுக்கப்பட்டது. மீதிப் பேருக்கு, உடம்பில் சூடேறும் உணர்வை மட்டும் தரும் நிகோடினிக் அமிலம். சைலோசிபின் உட்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் கண்டதாகச் சொன்னார்கள். ஒருவரை மட்டும் ஊசி போட்டு அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. பாங்கே தம் ஆய்வேட்டில் அதை எழுதாமல் விட்டார். மருந்து கிளப்பியது கொந்தளிப்பை. அதற்குப் பெயர் கொடுத்தது அந்த மாணவர்கள் படித்த வேதமும், காதில் விழுந்த பிரசங்கமும், அன்றைய நாளும்தான்.

இது தமிழ்க் கிராமத்துக்குப் புதிய செய்தி அல்ல. நெல்லைச் சீமையின் அம்மன் கொடையில் மேளத்தின் அடி மாறியதும் சாமியாடும் கோமரத்தாடியின் தோள் நடுங்கும், கண் செருகும்; ஊர் கையெடுத்துக் கும்பிடும். அதே நடுக்கம், அதே செருகல், புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு வேறொரு நாளில் வந்தால் அது பேய். பேயோட்டும் கோடாங்கி வருவார், உடுக்கை அடிப்பார். அவள் உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். உடம்பில் நடந்தது ஒன்றே. சாமியா பேயா என்று தீர்மானித்தது ஆளும் இடமும் நேரமும், கூடவே ஊரார் மனசும். அருள் வந்தவரிடமே “வந்திருக்கிறது யாரு?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அனுபவத்தை அப்படியே நம்பக் கூடாது என்ற தெளிவு கிராமத்துக் கிழவிகளுக்கு இருக்கிறது. முகாம் நடத்துகிறவர்களுக்கு இல்லை.

சமய அனுபவத்தை மரியாதையோடு ஆராய்ந்த வில்லியம் ஜேம்ஸும் 1902இல் வெளியான தம் நூலில் இதே எல்லையைத்தான் வகுத்தார்: கண்டவருக்கு அது செல்லும்; காணாதவர் அதை ஏற்க வேண்டிய கடமை இல்லை.

அந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்தின் தர்கா ஊரான ஏர்வாடி சாட்சி. கனவில் இறை உத்தரவு வந்தால்தான் குணம், அதன் பிறகுதான் வீடு என்று மனநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது மருத்துவரும் மாத்திரையும். கிடைத்தது ஒரு கனவுக்கான காத்திருப்பு.

அனுபவம் வராதவர்களுக்கு நடக்கும் அநியாயம் வெளியே தெரிவதில்லை. நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிய பெண்ணிடம், உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் உன் பக்தியில் குறை என்கிறார்கள். அவள் தன்மேல் சந்தேகப்படத் தொடங்குகிறாள். அல்லது பக்கத்தில் இருப்பவர்கள் அழும்போது தானும் அழப் பழகிக்கொள்கிறாள். தெரசாவுக்கு இல்லாத உணர்வை இவளிடம் வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. கடவுள் நம்பிக்கை ஒருவர் எடுத்த முடிவாக இருக்கலாம், குடும்பத்தில் வளர்ந்த பழக்கமாக இருக்கலாம், யோசித்துச் சேர்ந்த இடமாகவும் இருக்கலாம். சிலருக்கு அதோடு அனுபவமும் சேர்கிறது. பலருக்குக் கடைசிவரை சேர்வதில்லை. அதனால் அவர்களுடைய பக்தி ஒரு பிடி குறைந்ததும் இல்லை.