நிற்கிற வண்டிக்கும் கணக்கு உண்டு

பி.காம். படித்ததால் எனக்கு இதுவரை வேலை கிடைத்ததில்லை. ஆனால் வேலை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. சித்தப்பாவின் சீட்டுப் பணம், எதிர்வீட்டு மாமியின் வருமான வரி, ஹவுஸ் ஓனரின் தண்ணீர் மோட்டார் தகராறு... எல்லாவற்றுக்கும் 'கணக்குப் படிச்ச பிள்ளை' நான்தான். ஃபீஸ்: ஒரு டம்ளர் காபி. சர்க்கரை அவர்கள் இஷ்டம்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வந்து சேர்ந்தான். நாமக்கல்காரன். ஒன்பது வருஷமாக ஒரே ஓனரிடம் லாரி ஓட்டுகிறான். மாதவரத்தில் லோடு இறக்கிவிட்டு, கையில் ஒரு தட்டு முட்டையோடு வாசலில் நின்றான். முப்பது முட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் பெரிசு என்று. சும்மா வந்தால் ஆறு முட்டைதான்.

"மாமா, சொந்தமா ஒரு வண்டி வாங்கிடலாம்னு இருக்கேனுங்க. எப்ப வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பிக்கு நெய் ஊற்றிய தோசை. எனக்கு ஒரு பார்வை. 'என் தம்பி முன்னுக்கு வர்றதைத் தடுத்துடாதீங்க' என்று அர்த்தம்.

பயல் கணக்கையும் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தான், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில். 2019 மாடல் பத்து சக்கர வண்டி, விலை 18 லட்சம். கையில் இருப்பது 5 லட்சம். பாக்கி 13 லட்சம் ஃபைனான்ஸ். 15 சதவீத வட்டி, 48 மாசம். டியூ மாசம் சுமார் 36,200 ரூபாய்.

நாமக்கல்லிலிருந்து மும்பை போய் வர சுமார் 2,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 625 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 57,500. இதோடு டோல், பேட்டா, ஏற்றுகூலி, இறக்குகூலி, புரோக்கர் கமிஷன். எல்லாம் போக ட்ரிப்புக்கு 25,000 நிற்கும். மாசம் மூணு ட்ரிப். 75,000. டியூ போக மீதி 38,800.

"இப்ப வாங்கற சம்பளத்தைவிட ஜாஸ்திங்க மாமா!"

கூட்டல், கழித்தல் எல்லாம் சுத்தம். நான் பி.காமில் வாங்கிய மார்க்குக்கு இவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் காபி குடித்தாயிற்றே, ஏதாவது கேட்கவேண்டும்.

"டயர்?"

"டயர் நல்லாத்தானுங்க இருக்கு."

"இன்னிக்கு நல்லா இருக்கு. ஒண்ணு இருபதாயிரத்துக்கு மேல. பத்து டயர். உன் பத்திரிகையில மணமகன், மணமகள், நாதஸ்வரம்கூட இருக்கு. டயரைக் காணோமே?"

தோசை அப்படியே நின்றது. சமையலறையில் கரண்டி சத்தமும் நின்றது. விஷயத்தின் மறுபாதி அப்புறம்தான் வெளியே வந்தது. ஃபைனான்ஸுக்கு ஜாமீனாக மாமனாரின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்களாம். அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த ஓட்டு வீடு. அதுவரை விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாசம் மாமனார் வீட்டு விசேஷத்துக்கு நாமக்கல் போனபோது, மைத்துனன் என்னை லாரிப் பட்டறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கம் பாடி கட்டுகிற வெல்டிங் வெளிச்சம், இன்னொரு பக்கம் வரிசையாக கேஸ் டேங்கர்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். மைத்துனனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். ஓனராக இருந்து, மறுபடி டிரைவராகி, இப்போது ரிட்டையர் ஆனவர்.

"ஏனுங்க, ஓனரா இருந்துட்டு மறுபடியும் டிரைவரா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபிக்கவில்லை.

"2018 சூலையில நாடு முச்சூடும் எட்டு நாள் ஸ்டிரைக்குங்க தம்பி. அதை எப்படியோ தாண்டிட்டேன். 2020-ல ஊரடங்கு வந்துது. ஆறு மாசத்துக்கு டியூ கட்டவேண்டாம்னு ரிசர்வ் பேங்க்ல சொன்னாங்க. சந்தோசப்பட்டேன். டியூவுக்குத்தான் லீவு விட்டாங்க, வட்டிக்கு லீவே இல்லீன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மறு வருசம் வண்டியை ஃபைனான்ஸ்காரங்க ஓட்டிட்டுப் போய்ட்டாங்க. அதுக்கு முன்னாலயே வீட்டுக்காரி கொடி அடமானத்துல போயிருச்சு. பழைய ஓனர்கிட்டயே போய் நின்னேன். அவரு ஒண்ணுமே கேக்கலீங்க. சாவியை எடுத்து மேசைமேல வெச்சாரு."

டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "வண்டி ஓடற கணக்கு எல்லா டிரைவருக்கும் தெரியுமுங்க. வண்டி நிக்கற கணக்குத் தெரிஞ்சவந்தான் ஓனரு."

பி.காமில் மூன்று வருஷம் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. 'நிலையான செலவு' என்று ஒரு பாடம் மட்டும் இருந்தது. பரீட்சைக்கு மறுநாளே மறந்துபோனேன்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டியூ நாளைக்கு 1,200. 2022-ல் நிர்ணயித்தபடி, இந்த எடைக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வருஷத்துக்கு 43,950. நேஷனல் பர்மிட்டுக்கு 16,500. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 165. ஆக, வண்டி ஒரு இஞ்ச் நகராமல் வேப்ப மரத்தடியில் தூங்கினாலும் நாளைக்கு 1,365 ரூபாய் சாப்பிடும். ரோடு டாக்ஸ் தனி. எட்டு வயசு தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. வேறு.

இன்னொரு வேடிக்கை. கணக்குப் புத்தகம் வைக்காத லாரிக்காரருக்கு, டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம் என்று வருமான வரிச் சட்டமே முடிவுகட்டிவிடுகிறது. 28.5 டன் வண்டிக்கு மாசம் 28,500. வண்டி பட்டறையில் மல்லாந்து கிடந்தாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் சம்பாதிக்கிறீர்கள். உங்கள்மேல் இவ்வளவு நம்பிக்கை மாமனாருக்குக்கூட இருக்காது.

"சரி மாப்ளே, வருஷத்துல வண்டி எத்தனை நாள் நிக்கும்?"

விழித்தான். ஒன்பது வருஷம் ஓட்டியவனுக்குத் தெரியவில்லை. டிரைவருக்கு வண்டி நின்றால் அது தூக்கம். ஓனருக்குத்தான் அது செலவு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே முதலீடு. "ஓனர் வண்டியை உன் வண்டின்னு நெனச்சுக்கோ. ஆறு மாசம் எழுது. எங்கே நின்னுது, எதுக்கு நின்னுது, வாடகை பாக்கி எத்தனை நாள் கழிச்சு வந்துது, லோடு யார் கொடுத்தா. எல்லாத்தையும்."

வீட்டில் ஆறு மாசம் எனக்கு அர்ச்சனை. "நோட்டு வாங்கிக் கொடுத்தே என் தம்பியை ஓனர் ஆக்கிடுவீங்க போலிருக்கு!"

ஆறு மாசம் கழித்து வந்தான். இந்தத் தடவை முட்டை இல்லை, நோட்டுதான். 183 நாளில் ஓடியது 112. ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருந்தது 38. குடோன் வாசலில் இறக்குவதற்கு நின்றது 14. பட்டறையில் 11. பண்டிகை 8. ஆக 71 நாள் நின்றிருக்கிறது. நாளைக்கு 1,365 வீதம் 96,915 ரூபாய். அது போக, டீசலுக்கு அன்றைக்கே காசு. வாடகை பாக்கியோ நாற்பது, ஐம்பது நாள் கழித்துத்தான் வந்திருக்கிறது.

"வண்டி வாங்க வேண்டாமுங்களா மாமா?" என்றான், சின்னக் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நம்பர் சரியாக இருந்து ஆள் உடைந்துபோனால் அது என்ன கணக்கு?

"வாங்கு. ஆனா முன்பணம் சேர்ந்த அன்னிக்கு இல்ல. நாலு மாச டியூவும் ஒரு ஜோடி டயரும் தனியா பேங்க்ல தூங்கற அன்னிக்கு. அப்புறம், புரோக்கர் இல்லாம உன்னை நேரா போன்ல கூப்பிட்டு லோடு கொடுக்க ரெண்டு பேராவது இருக்கிற அன்னிக்கு. மாமா வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். அது இல்லாம கடன் தரமாட்டேங்கறானா, கடனைக் குறை. கொஞ்சம் சின்ன வண்டியா பாரு."

நோட்டைத் திருப்பிக் காட்டினான். மும்பையில் ஒருத்தர், ஓசூரில் ஒருத்தர். இரண்டு பேர் தாங்களாகவே அவன் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆக பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாக்கி, பணம்தான். இன்னும் ஒரு வருஷம் ஓனரிடமே ஓட்டுவதாக முடிவு. சேர்கிற பணத்தை அக்கா பேரில் டெபாசிட். அவள் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. ரிசர்வ் பேங்க் லாக்கரைவிடக் கெட்டியான பூட்டு அது. பதினொரு வருஷமாக என்னால் திறக்க முடியவில்லை.

கிளம்பும்போது பயலுக்கு முகம் தெளிந்திருந்தது. வண்டியில் என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

"முன்னால 'முருகன் துணை'ங்க மாமா. பின்னால 'அக்கா துணை'ன்னு போடலாம்னு இருக்கேன்."

"ஏன்டா, ஆறு மாசம் கணக்குப் பார்த்தவனுக்கு வண்டியில இடமே இல்லையா?"

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஸ்டெப்னிக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்குங்க மாமா."