மரபணுவுக்கு எந்த லெட்ஜர்?

பி.காம் படிக்கிற ஆள் மரபணுவைப் பற்றி எழுதினால் "உனக்கேன் இந்த வேலை?" என்று வகுப்பில் கேட்பார்கள், தெரியும். ஆனால் இது நம்ம ஏரியாதான் மக்களே. ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் அல்லவா? உயிரியல்காரர்களுக்கும் அதே தலைவலி இருக்கிறது.

முதலில் கொஞ்சம் முன்கதை. பழ ஈ, ஈஸ்ட், எலி ஆகிய மூன்றின் மரபணுத் தகவல்களைத் தனித்தனியாகத் தொகுத்து வந்த குழுக்கள் 1998ல் ஒன்று சேர்ந்தன. ஒரே வேலையைச் செய்யும் மரபணுவை ஈக்காரர்கள் ஒரு சொல்லால் விவரிப்பார்கள், ஈஸ்ட்காரர்கள் வேறு சொல்லால். இரண்டும் ஒன்றுதான் என்று கணினிக்குத் தெரியாது. அதனால் எல்லா உயிரினத்துக்கும் பொதுவாக ஒரே சொல்தொகுதி உருவாக்கினார்கள். அதுதான் ஜீன் ஆன்டாலஜி. 2000ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

அதில் மூன்று பிரிவுகள். ஒரு புரதம் நேரடியாகச் செய்யும் வேலை ஒன்று. பல வேலைகள் சேர்ந்து நடத்தும் பெரிய காரியம் இரண்டாவது. செல்லுக்குள் எந்த இடத்தில் நடக்கிறது என்பது மூன்றாவது. உதாரணமாக, ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து குளுக்கோஸில் ஒட்டுகிறது. இது வேலை. குளுக்கோஸைப் பத்துப் படிகளில் பைருவேட்டாக உடைப்பது கிளைக்காலிசிஸ். இது காரியம். அந்தப் பத்தில் முதல் படிதான் ஹெக்ஸோகைனேஸ்.

கேள்வி இதுதான். வேலையையும் காரியத்தையும் சொல்தொகுதியிலேயே கோடு போட்டு இணைக்கலாமா?

இணைக்கலாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் இவை தனித்தனி மரங்களாக இருந்தன. ஆய்வுக் கட்டுரையைப் படித்துக் குறிப்பு எழுதுபவர் வேலையை ஒரு முறை, காரியத்தை இன்னொரு முறை எழுத வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் அந்த மரபணு தேடலில் வராது. கோடு இருந்தால் கணினியே நிரப்பிவிடும். பிறகு இப்படிப்பட்ட இணைப்புகள் சேர்க்கவும் பட்டன.

சரி, நம் பாடத்துக்கு வருவோம். செலவுகளை இயல்பு வாரியாகவும் பிரிக்கலாம் (சம்பளம், வாடகை), பணி வாரியாகவும் பிரிக்கலாம் (உற்பத்தி, விற்பனை, நிர்வாகம்) என்று படித்திருக்கிறோம். யாரோ ஒரு புத்திசாலி, "சம்பளம் என்றாலே உற்பத்திச் செலவு" என்று மென்பொருளில் ஒரு விதி போட்டுவிட்டால் என்ன ஆகும்? மெஷின் ஓட்டுபவர் சம்பளமும் சேல்ஸ்மேன் சம்பளமும் ஒரே இடத்தில் போய் விழும். டிரையல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும்! தப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

இங்கேயும் அதே கதைதான். ஆன்டாலஜியில் "இது அதன் பகுதி" என்று எழுதினால், எங்கே எப்போது நடந்தாலும் அது அதன் பகுதியாகவே இருக்க வேண்டும். ஹெக்ஸோகைனேஸ் இந்தச் சோதனையில் தேறாது. அது தயாரிக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கிளைக்காலிசிஸுக்கும் போகலாம், கிளைக்கோஜனாகச் சேமிப்புக்கும் போகலாம், பென்டோஸ் பாஸ்பேட் பாதைக்கும் போகலாம். திருப்பிப் போட்டால்? கிளைக்காலிசிஸ் என்றாலே ஹெக்ஸோகைனேஸ் இருக்கும் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. தசையில் கிளைக்கோஜன் உடைந்து வரும் சர்க்கரை பெரும்பாலும் அந்தப் படியைத் தாண்டித்தான் உள்ளே நுழைகிறது.

இன்னொன்று பாருங்கள். டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது என்றால் அது டிரான்ஸ்கிரிப்ஷன்தானே என்று தோன்றும். ஆனால் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது பிரைமேஸ் என்ற நொதியும் சின்னச் சின்ன ஆர்என்ஏ துண்டுகளை எழுதுகிறது. அதற்கும் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கும் சம்பந்தம் இல்லை.

"போகட்டும், ஒரு கோடு தப்பாக இருந்தால் என்ன?" என்று விட முடியாது. புற்றுநோய்க் கட்டியில் வழக்கத்தைவிட அதிகமாக இயங்கும் சில நூறு மரபணுக்களை எடுத்து, இவற்றில் எந்தக் காரியம் அளவுக்கு மீறித் தென்படுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தொகுதியிடம்தான் கேட்கிறார்கள். வருகிற பதிலை வைத்துத்தான் அடுத்த பரிசோதனை. தப்பான ஒரு கோடு, அந்த வேலை எழுதப்பட்ட எல்லா மரபணுவுக்கும், எல்லா உயிரினத்திலும், தானாகப் பரவிவிடும். பணமும் ஆண்டுகளும் தப்பான இடத்தில் செலவாகும். அந்த நோயாளி காத்திருப்பார்.

என் கருத்து இது. விதிவிலக்கே இல்லாத இடத்தில் மட்டும் பொதுக்கோடு போடலாம். கைனேஸ் நொதியைத் தடுக்கும் வேலை, கைனேஸ் வேலையை ஒழுங்குபடுத்துகிறது என்பது போல. இதில் யாருக்கும் சண்டை வராது. மற்றதெல்லாம் வவுச்சரில் இருக்க வேண்டும், லெட்ஜர் தலைப்பில் அல்ல.

வவுச்சர் என்று நான் சொல்வதற்கு இணையானது அங்கேயும் இருக்கிறது. கோ-கேம் என்ற முறையை 2019ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தப் புரதம், இந்த வேலையை, இந்த இடத்தில், இந்தக் காரியத்துக்காகச் செய்கிறது, அதனால் அடுத்த வேலை தூண்டப்படுகிறது என்று ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு கோர்க்கும் முறை. வாத்தின் கண் வில்லையில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதம், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான் என்று 1987ல் கண்டுபிடித்தார்கள். கண்ணில் அது அவ்வளவு குவிந்திருப்பது ஒளியை வளைக்க! எங்கே, எதற்காக என்பதைத் தலைப்பு சொல்லாது, வவுச்சர்தான் சொல்லும்.

இது மெதுவான வேலை, ஆராய்ச்சியே நடக்காத உயிரினங்களுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கணினி ஊகிக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஊகம் என்று மேலேயே எழுதியிருக்க வேண்டும். நேரடிப் பரிசோதனையில் வந்தது எது, கணினி போட்டது எது என்று பிரித்துக் காட்டும் குறியீடுகள் ஜீன் ஆன்டாலஜியில் ஏற்கெனவே உண்டு. ஊகத்தை நாளைக்கு அழித்துவிடலாம். விதியாக எழுதிவிட்டால் அதைச் சந்தேகிக்கவே யாருக்கும் தோன்றாது.

உயிரியல் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் ஒரு வேலை: எங்கே தேடினாலும் விதிவிலக்கு கிடைக்காத ஒரு வேலை-காரிய ஜோடி சொல்லுங்கள். முதல் மூன்று பதிலில் ஒன்றாவது உடையும் என்று பந்தயம் கட்டத் தயார் :-)