தங்கத்துக்காகவா திரும்பினாள்?

2026 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் அமெரிக்காவின் அலிசா லியூ தங்கப் பதக்கம் பெற்றாள். வயது 20. பதினாறு வயதில் "போதும்" என்று சறுக்குக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த பெண் இவள். செய்தி வந்த நாளிலிருந்து நம் சங்கத்து அன்பர்கள் சிலர் இதை வெகுவாகச் சிலாகித்துப் பேசி வருகிறார்கள். சிலாகிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் எனக்கு ஒப்பவில்லை. "பார்த்தீர்களா சார், நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் குழந்தைகள் இன்னும் நன்றாக ஜெயிப்பார்கள்" என்கிறார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், பேத்தியின் பாட்டு வகுப்பை பிளஸ் டூ முடியும் வரை நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம் இரட்டிப்பு வேகத்தில் தொடங்கப்போவதாகத் திட்டமே வைத்திருக்கிறார். அலிசா லியூவின் கதையில் இப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். சிம்லாவில் 1920-ல் தொடங்கிய ஒரு பனிக்கட்டித் திடல் உண்டு. மலைக்குளிரில் தண்ணீர் தானாக உறைந்து உண்டாகும் தரை அது. கால்காவில் வேலை பார்த்த காலத்தில் நானும் போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அங்கே நடப்பது பொழுதுபோக்கு. போட்டியில் நடப்பது வேறு சமாச்சாரம். காலணியின் அடியில் உள்ள எஃகுத் தகட்டின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதையும் நடுவே குழிவாகத் தீட்டியிருப்பார்கள். ஆக உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. தாவி எழுந்து, முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில், பின்னோக்கிச் சறுக்கியபடி, ஒரு விளிம்பின் மேல் இறங்க வேண்டும். 'டிரிபிள் ஆக்ஸெல்' என்பதில் முன்னோக்கிப் பாய்ந்து பின்னோக்கி இறங்குவதால் மூன்றரைச் சுற்று. கைகளை மார்போடு இறுக்கினால் சுழற்சி வேகம் கூடும் என்பது டிப்ளமோ வகுப்பில் நாங்கள் படித்த பாடம்தான். அதே பாடத்தின் மறுபக்கம் கொடுமையானது. ஒடிசலான சிறுமிக்கு எளிதாக வருகிற சுற்று, அவள் வளர்ந்து உடம்பு பெண்ணுடம்பாக மாறும்போது வராமல் போகிறது. குழந்தையாக இருக்கும்போதே பிழிந்து எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் இந்த விளையாட்டில் புகுந்தது இதனால்தான்.

அலிசா 2019-ல் தன் 13-வது வயதில் அமெரிக்க தேசிய சாம்பியன் ஆனாள். அந்நாட்டில் அதுவரை அவ்வளவு சிறிய பெண் யாரும் ஆனதில்லை. வெற்றி மேடையின் உச்சிப் படியில் ஏறுவதற்கு, இரண்டாவதும் மூன்றாவதும் வந்த அக்காமார்கள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அதே வருடம் சர்வதேச ஜூனியர் போட்டியில் நான்கு சுற்றுத் தாவலையும் முடித்தாள். 2020-ல் மறுபடியும் தேசிய சாம்பியன்.

தகப்பனார் ஆர்தர் லியூ 1989-ல் சீனாவில் நடந்த மாணவர் கிளர்ச்சியில் பங்கெடுத்து, அதன் பின் நாட்டை விட்டு வெளியேறியவர். கலிஃபோர்னியாவில் வக்கீலாகி, ஐந்து குழந்தைகளை வளர்த்தவர். அலிசா மூத்தவள். ஐந்து வயதில் அவளைப் பனித்திடலுக்கு அழைத்துப் போனது, பயிற்சியாளர்களை அமர்த்தியது, மாற்றியது, செலவழித்தது எல்லாம் அவர். அவரைக் குறை சொல்ல என் நாக்கு கூசுகிறது. ஊர் விட்டு வந்து வேர் பிடிக்கிறவன் தன் தலைச்சன் குழந்தையின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைப்பான் என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நமக்குத் தெரியாததா?

2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக். அங்கே அலிசா ஏழாவதாக முடித்தாள். ரஷ்யப் பெண் ஒருத்தியின் முடிவு ஊக்கமருந்து வழக்கில் பின்னர் ரத்தானதால் இப்போது ஏட்டில் ஆறாவது. அந்த ரஷ்யப் பெண்ணுக்கு அப்போது வயது 15. அந்த வருடம் ஜூன் மாதத்தில் சர்வதேச சங்கம், பெரியவர்கள் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்தியது. மார்ச்சில் உலகப் போட்டியில் அலிசாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அடுத்த மாதமே விலகுவதாக அறிவித்துவிட்டாள். பதக்கம் வாங்கிய கை ஈரம் காயவில்லை. அடுத்த ஒலிம்பிக்குக்கு நான்கு வருடம் இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்றுதான் நம்மில் பாதிப்பேர் சொல்லியிருப்போம்.

ரயில்வேயில் 'பிளாக்' என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தைப் பழுது பார்க்க, போக்குவரத்தை நிறுத்திப் பாதையைக் கேட்டு வாங்குவது. போக்குவரத்துப் பிரிவுக்காரர்கள் கொடுக்க அழுவார்கள். எஞ்சினியரிங் பிரிவுக்காரர்கள் போதாது என்று அழுவார்கள். அலிசா எடுத்ததும் ஒரு பிளாக்தானே என்று ஒரு பழைய சகா என்னிடம் வாதாடினார். இல்லை. பிளாக் கேட்கும்போதே எத்தனை மணிக்குப் பாதையைத் திருப்பிக் கொடுப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம் ஆனாலும் கண்ட்ரோலிலிருந்து போன் வந்துவிடும். இந்தப் பெண் திரும்பும் நேரம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பாதையையே விட்டுவிட்டுப் போனாள். பனித்திடலின் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சிநேகிதிகளோடு எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போனாள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படிக்கச் சேர்ந்தாள். இவற்றில் எதுவும் பயிற்சி அல்ல. ஒலிம்பிக் தங்கத்துக்கான மறைமுகத் தயாரிப்பும் அல்ல.

2024 ஜனவரியில் மலைச்சரிவில் ஸ்கீ விளையாடப் போன இடத்தில், வேகத்தில் உடம்பு சிலிர்க்கும் அந்தப் பழைய உணர்வு வந்ததாம். அதற்கப்புறம் ஒருநாள் பனித்திடலுக்குப் போய்ப் பார்த்தாள். மீண்டும் போட்டியிட வேண்டும் என்று பயிற்சியாளர் ஃபிலிப் டிகுலியெல்மோவிடம் சொன்னபோது, அவர் உற்சாகப்படுத்தவில்லை; வேண்டாம் என்றே தடுத்துப் பார்த்தார். அவளோ நிபந்தனைகளோடு வந்தாள். எந்தச் சங்கீதம், எந்த உடுப்பு, எவ்வளவு நேரம் பயிற்சி, என்ன சாப்பாடு எல்லாம் தன் முடிவு. தகப்பனார் இந்த விஷயத்தில் தலையிடக் கூடாது. (மேலுதட்டின் உட்புறம் ஒரு வளையம், தலைமுடியில் மரத்தின் வயது வளையம் போலப் பட்டை பட்டையாகச் சாயம். அதுவும் அவள் முடிவுதான். என் வயதுக்காரர்களுக்குப் பார்க்கக் கொஞ்சம் சங்கடம், பார்த்துப் பழகிவிட்டது.) 2024 மார்ச்சில் திரும்புவதாக அறிவித்தாள். சரியாக ஒரு வருடத்தில், 2025 மார்ச் 28 அன்று பாஸ்டன் நகரில் உலக சாம்பியன். 2006-க்குப் பிறகு அந்தப் பட்டம் பெற்ற அமெரிக்கப் பெண் யாரும் இல்லை. அடுத்த வருடம் மிலான். ஜப்பானின் காவோரி சகமோட்டோ வெள்ளி, அதே நாட்டின் பதினேழு வயது அமி நகாய் வெண்கலம். இருவரையும் தாண்டித் தங்கம்.

இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மிலானில் அவள் விழுந்து எழுந்து ஏழாவது வந்திருந்தால்? பெய்ஜிங்கில் போலவே ஏழாவது? அப்போது நம் அன்பர்கள் "இரண்டு வருடத்தை வீணாக்கினாள், போய்விட்டது" என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

ஏழாவது என்றதும் எனக்கு வேறொரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். கிழக்கு ஜெர்மனியின் காத்தரீனா விட். 1984-ல் சரயேவோவிலும் 1988-ல் கால்கரியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அப்புறம் பணத்துக்கு ஆடும் காட்சிகளுக்குப் போய்விட்டார். அப்படிப் போனவர்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது அந்தக் கால விதி. அது தளர்த்தப்பட்டதும், 1994-ல் நார்வேயின் லில்லஹாமர் ஒலிம்பிக்குக்கு பழைய சாம்பியன்கள் பலர் திரும்பினார்கள். 28 வயதில் விட்டும் வந்தார். இளம் பெண்கள் போடும் கடினமான தாவல்கள் தன்னால் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஜெயிக்க வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் தனக்கு முதல் தங்கம் தந்த சரயேவோ, அப்போது உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்டிருந்தது. அவர் ஆடிய ஜெட்ரா அரங்கம் குண்டு வீச்சில் சிதைந்து கிடந்தது; அதன் அருகே இருந்த நிலம் இடுகாடாகியிருந்தது. போருக்கு எதிரான ஒரு பழைய பாட்டின் இசைக்கு, அந்த ஊருக்காக ஆடுவதாகச் சொல்லி ஆடினார். கிடைத்தது ஏழாவது இடம். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் உக்ரைனின் பதினாறு வயதுப் பெண் ஒக்ஸானா பையுல். அன்று விட்டுக்கு யாராவது "ஏன் வந்தாய்?" என்று கேட்டிருந்தால் எவ்வளவு அபத்தம்!

கொரியாவின் யூனா கிம் ஒரு வருடத்துக்கு மேல் ஒதுங்கியிருந்துவிட்டு வந்து, 2013 உலகப் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். ஜப்பானின் மாவோ அசாதாவும் ஒரு பருவம் ஓய்வெடுத்து 2015-ல் திரும்பினார். பழைய உயரம் வரவில்லை, 2017-ல் விடைபெற்றார். ஓய்வுக்குப் பலன் உண்டு என்பதற்கு ஒருவரையும் இல்லை என்பதற்கு ஒருவரையும் காட்டலாம். ஓய்வு என்பது பதக்கம் விளைவிக்கும் உரம் அல்ல. அலிசாவின் விஷயத்தில் நடந்தது ஒன்றே ஒன்று: பதின்மூன்று வயதில் அவளுடையதாக இல்லாத ஒரு காரியம், பதினெட்டு வயதில் அவளுடையதாயிற்று. அதற்கு அவள் முதலில் முழுமையாக விட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வராமலே இருக்கவும் அவளுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்க அந்தத் தகப்பனாருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! தங்கத்தை அவர் எதிர்பார்த்துக் கொடுத்திருந்தால் அது சுதந்திரமும் அல்ல.

பேத்தியின் பாட்டு வகுப்பை நிறுத்தி வைக்கப்போகும் நண்பரிடம் நான் கேட்டேன்: "பிளஸ் டூ முடிந்த பிறகு அவள் பாட மாட்டேன் என்றால்?" "அது எப்படி, எட்டு வருடம் கட்டணம் கட்டியிருக்கிறோமே" என்றார். அவர் குழந்தைக்குக் கொடுப்பது பிளாக். மணி குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு.

நம் சங்கத்திலும் ஒரு வழக்கம் இருக்கிறது. பரதநாட்டியமோ வாய்ப்பாட்டோ நடுவில் விட்டுவிட்ட பிள்ளைகளை விழா மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அவர்களே வந்து கேட்டாலும், "இப்போது யாரிடம் கற்றுக்கொள்கிறாய்? எந்த நிலையில் இருக்கிறாய்?" என்று கமிட்டியில் விசாரணை. நான்கு வருடம் முன்பு வீணையை விட்டுவிட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி சென்ற விழாவுக்கு வாசிக்க வரட்டுமா என்று கேட்டாள். பயிற்சி விட்டுப்போனவர்களைச் சேர்த்தால் நிகழ்ச்சியின் தரம் குறையும் என்று பதில் போயிற்று. அவள் மறுபடி கேட்கவில்லை. அடுத்த பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரம் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும், யார் கற்றுக்கொடுத்தது, ஏன் விட்டாய், ஏன் வந்தாய் என்று எதுவும் கேட்கக் கூடாது, பரிசும் வைக்கக் கூடாது என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.