வேலி எது, மேய்வது எது?

2022 ஏப்ரல் 3ஆம் நாள் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின் போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் இதே முடக்கத்தை இந்நாடு கண்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் வி.பி.என். செயலிகளைத் தேடி ஓடினர். 2022இல் அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ச அவர்களே தாமும் அதனைப் பயன்படுத்துவதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் பகிரங்கமாகக் கூறினார். சுவரெழுப்பிய அரசாங்கத்தின் அமைச்சரே சுவரேறிக் குதித்த விந்தை அது!

சுவரேறியவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு: அந்த ஏணி யாருடையது?

பேஸ்புக் நிறுவனம் 2013இல் ‘ஒனாவோ’ என்னும் நிறுவனத்தை வாங்கியது. “உங்கள் விபரங்களைப் பாதுகாப்போம்” என்ற வாக்குறுதியுடன் அதன் வி.பி.என். செயலி இலவசமாக வழங்கப்பட்டது. ஆனால், அதனை நம்பியவர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்தினர் என்ற விபரம் பேஸ்புக்கின் வியாபாரத்துக்குப் பயன்பட்டது. 2019இல் அச்சேவை மூடப்பட்டது. 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதன் பொருட்டு 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ?

ஆகவே கருவியைத் தெரியுமுன், யாரிடமிருந்து மறைய விரும்புகிறோம் என்பதைத் தெளிதல் வேண்டும்.

கூகிள் குரோமின் ‘இன்கொக்னிட்டோ’ சாளரம், ஒரே கணினியைப் பயன்படுத்தும் மற்றவரிடமிருந்து மட்டுமே நம்மை மறைக்கும். அதிலும் தம்மைப் பின்தொடர்ந்ததாக 2020இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட, 2024இல் அவ்வாறு திரட்டிய தரவுகளை அழிக்க கூகிள் இணங்கியது.

விளம்பர வணிகரிடமிருந்து மறைய வேண்டுமாயின், பயர்பொக்ஸ், பிரேவ் ஆகிய உலாவிகள் மேலானவை. ஆயினும் இவையும் குறையற்றவையல்ல. பயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்திற் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கூகிளிடமிருந்தே வந்திருக்கிறது. பிரேவ் உலாவியோ, சில இணையத்தள முகவரிகளை எழுதும்போது தனக்குத் தரகு கிடைக்கும் இணைப்பைத் தானே சேர்த்தமை 2020இல் வெளியாகி, மன்னிப்புக் கோர நேர்ந்தது. சாதாரணப் பயன்பாட்டில் இவ்விரண்டும் நம் இணைய முகவரியை மறைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இணைப்பை வழங்கும் கம்பனியிடமிருந்து மறைய வி.பி.என். உதவும். ஆனால் அக்கம்பனி கண்டதையெல்லாம் இனி வி.பி.என். கம்பனி காணும், நம்பிக்கை இடம் மாறியதேயன்றி, நம்பவேண்டிய தேவை நீங்கவில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் முல்வாட் என்னும் வி.பி.என். நிறுவனத்தைச் சோதனையிட வந்து வெறுங்கையோடு திரும்பினர். வாடிக்கையாளரின் நடமாட்டம் அங்கே பதியப்படுவதில்லை. பதிவே இல்லாத இடத்தில் எதைப் பறிப்பது?

எவரையும் முற்றாக நம்பத் தேவையில்லாதவாறு அமைந்தது டோர் உலாவி. நம் வேண்டுகோள் மூன்று உறைகளுள் இடப்பட்டு மூன்று கணினிகள் வழியே செல்கிறது. முதற் கணினி அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. கடைசிக் கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. இதன் விலை வேகக் குறைவு. டோரைப் பயன்படுத்துகிறோம் என்பதை இணைப்பு வழங்குநர் பொதுவாக அறியலாம். சொந்தப் பெயரிலுள்ள கணக்கினுள் நுழைந்தாலோ, மறைவு அங்கேயே கலைந்துவிடும்.

இத்தொழில்நுட்பம் 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. அதனை ஏன் உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டனர்? கடற்படையினர் மட்டும் பயன்படுத்தினால், பயன்படுத்துவோர் அனைவரும் கடற்படையினரே என்று பகைவர் அறிந்துகொள்வர்! கூட்டமிருந்தாற்றான் மறைவுண்டு.

நமக்குரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. “ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பார் பலர். கட்சிக்காரரின் இரகசியம் காக்கும் சட்டத்தரணியும், நோயாளியின் விபரம் காக்கும் வைத்தியரும், கடனையும் விதை விலையையும் தேடும் கமக்காரரும் இக்கருவிகளை இயல்பாகவே பயன்படுத்தட்டும். அப்பொழுதுதான், காணாமற்போன மகனுக்காக நீதி கேட்கும் தாயும், உண்மையை எழுதும் நிருபரும் இவற்றைப் பயன்படுத்தும்போது தனித்துத் தெரியமாட்டார்கள்.

எனினும் கருவி உரிமைக்கு ஈடாகாது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எக்கூற்று தடைசெய்யப்பட்டது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. அத்தகைய அதிகாரத்தை எந்த உலாவியாலும் அகற்ற முடியாது. பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலுமே அதனை எதிர்த்தல் வேண்டும். அதுவரை நம் வேலியை நாமே கட்டுவோம். கட்டுமுன், அதன் முட்கள் எப்பக்கம் நோக்கியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்வோம்.