தடைக்காலத்தில் வரும் மதிப்பெண்



பிளஸ் 2 முடிவு மே மாதத்தில் வருகிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் நேரம் அது. மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் வீட்டில் அப்போது வருமானமே இல்லை.

வேதியியலில் 90 வரும் என்றிருந்த என் மகளுக்கு 61தான் வந்தது. மறுமதிப்பீடு கேட்பதா என்று இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. விடைத்தாள் நகலுக்கு 275 ரூபாய், பிறகு மறுமதிப்பீட்டுக்கு 505. விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாள்கள். கடன் வாங்கி நகல் கேட்டிருக்கிறோம். தான் எழுதியதைக் கண்ணால் பார்க்காமல் அவள் மனம் ஆறாது.

விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மீனவர், கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நகலையாவது அரசு இலவசமாகத் தர வேண்டும்.

ஒரு தாய்,
ராயபுரம், சென்னை